கறுப்புக் கட்டைக்குப் போன பொட்டு

என் வீட்டுக்காரருக்கு லுங்கி கட்டிவிடுவது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. கட்டும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். காக்களூர் பட்டறையில் லேத் மெஷின் ஓட்டியவர். வாதம் வந்து இடது கை படுத்துக்கொண்ட பிறகு, இடுப்பு முடிச்சுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று.

"வயசுல இவ்ளோ கிட்ட வந்து நின்னியாய்யா நீ?" என்று இறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்பேன். முன்பானால் உடனே பதிலடி வரும். இப்போது ஜன்னலைப் பார்ப்பார்.

மெல்ல மெல்லக் கை திரும்பியது. நடுவிரல் மட்டும் வீம்பு பிடித்தது. மற்றவை மடங்கினாலும் அது விறைத்துக்கொண்டு நிற்கும். பயிற்சி கொடுக்க வந்த பெண், "அந்த வெரலுக்கு தெனம் வேலை குடுங்க தாத்தா. அது வந்துட்டா லுங்கி நீங்களே கட்டிக்கலாம்" என்றாள். ரப்பர் பந்து கொடுத்தேன். "நான் இன்னா கொயந்தையா?" என்று கட்டிலுக்கடியில் உருட்டிவிட்டார்.

பொன்னேரியிலிருந்து வந்த பேத்தி கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் கழுத்தை நீட்டினார். மெஷின் எதுவானாலும் அவருக்கு ஒரு கண். பேத்தி விடுவாளா? பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"தாத்தா, ஒண்ண அழுத்துனா அது சுரம். சுண்டுவெரல் ச-வுல வை, நடுவெரல் க-வுல, கட்டவெரல் ப-வுல. மூணும் ஒண்ணா எறங்கணும். அதுதான் கார்ட்."

அவள் அழுத்தினாள். கூடம் நிறைந்துபோனது. இடம் மறக்காமல் இருக்க, என் ஸ்டிக்கர் பொட்டில் மூன்றை எடுத்து அந்த மூன்று வெள்ளைக் கட்டையிலும் ஒட்டினேன். அவர் அழுத்தினார். ஓரத்து விரல் இரண்டும் இறங்கின. நடுவிரல் அந்தரத்தில் நின்றது. வந்த சத்தம், குழம்பு ஊற்றாமல் சோறும் அப்பளமும் மட்டும் வைத்த இலை மாதிரி இருந்தது.

"ஆயா, நடு சுரம் இல்லன்னா அது சிரிக்குதா அழுவுதான்னே தெரியாது" என்றாள் பேத்தி.

"உங்க தாத்தா மூஞ்சி மாதிரின்னு சொல்லு."

அவர் முறைத்தார். அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம்.

கீபோர்டை விட்டுவிட்டுப் பேத்தி ஊருக்குப் போனாள். தினமும் உட்கார்ந்தார். இரண்டு கட்டைதான் பேசியது. ஒரு நாள், "தூக்கி பரண்ல போடு. இது போன கை" என்று எழுந்துவிட்டார்.

பரணில் போடுவதற்கு முன்னால் துடைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: கறுப்புக் கட்டை வெள்ளையைவிட உயரம். கீழே இறங்காத விரலுக்கு அதுதானே தோது? நடுப் பொட்டைப் பிய்த்து, இடப்பக்கம் ஒட்டினாற்போல் இருந்த கறுப்பில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

"கடைசியா ஒரு தபா பாரேன். அப்பால போட்டுக்கலாம்."

அழுத்தினார். மூன்றும் பேசின. ஆனால் பேத்தி வாசித்த சத்தம் இல்லை இது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த வீடு மாதிரி இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். அவரோ கையை எடுக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க அதே அழுகைதான். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த பேத்தியிடம் பெருமையாக வாசித்துக் காட்டினார்.

"ஐய, தாத்தா! இது மைனர் கார்ட், அழுவுற வகை. நடு சுரம் அரைப்படி எறங்கிகீது. பொட்டு எப்பிடி கறுப்புக்குப் போச்சி?"

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஃபேன் காத்துல பறந்திருக்கும்" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. "அப்போ வெரலு வர்ல. நீ என்ன ஏமாத்திகினு இருந்திருக்க."

மாட்டிக்கொண்டாலும் என் வாய் சும்மா இருக்குமா? "வாரம் பூரா அழுத்தினது நீயா நானா? கறுப்பு மேல குந்தின வெரலுக்குப் பக்கத்துல எறங்கத் தெரியாதா? அப்டியே வழுக்கி உடு."

முறைத்துக்கொண்டே கை வைத்தார். அழுதது. பிறகு அந்த விரல் கறுப்பின் ஓரத்திலிருந்து சறுக்கி வெள்ளையில் விழுந்தது. அழுதுகொண்டிருந்ததே சிரித்தது. பேத்தி கை தட்டினாள். அவர் மறுபடி செய்தார். அழுகை, சிரிப்பு. அழுகை, சிரிப்பு.

"இன்னாடி இது! ஓரத்துல ரெண்டும் அப்டியே கீது. நடுவுல ஒண்ணு இத்தினிக்காண்டி நவுந்தா மொத்தமும் மாறிப்போவுது!"

மறுநாள் காலை வழக்கம்போல லுங்கியோடு நின்றேன். "நவுரு" என்றார். சுற்றினார், மடித்தார், நடுவிரலை உள்ளே விட்டுச் செருகினார். முடிச்சு லொடலொடவென்றுதான் இருந்தது.

"இன்னா, இன்னும் கிட்டவே நின்னுகினு கீற? ஆசையா?" என்றார்.

"ஆசையாம் ஆசை. அவுந்தா புடிக்கத்தான்யா" என்று டீக்கடை வரைக்கும் பின்னாலேயே போனேன்.