கரோக்கித் திருட்டுக்கு எதிராக நான் எழுதிய புகார்

அக்காள்மடத்தில் கல்யாணமோ ஞானஸ்நானமோ, கரோக்கி என்றால் நான்தான். குரலை நீக்கி இசையை மட்டும் வைத்த டிராக்குகள் ஆயிரக்கணக்கில் ஒரே ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. காசு கொடுத்து வாங்கியது ஒன்றுகூட இல்லை. எல்லாம் அங்கே இங்கே சுட்டவை. ஆனால் நம் ஊர்க்காரர்களின் தொண்டைக்குத் தக்கபடி ஒவ்வொன்றுக்கும் சுருதி இறக்கி வைத்தவன் நான். அதனால் அவை என் சொத்து என்றே மனதார நம்பினேன்.

மற்ற கரோக்கிக்காரர்கள் தொடாமலிருக்க, ஒவ்வொரு டிராக்கின் தொடக்கத்திலும் என் மனைவியின் குரலைச் சேர்த்திருந்தேன்: "இது அக்காள்மடம் டிராக். திருடுவது குற்றம்." தொழிலில் பலரும் செய்வதுதான்.

பாம்பனில் ஒரு விருந்துக்குப் போயிருந்தபோது, அந்த ஊர்க் கரோக்கிக்காரன் பட்டனைத் தட்டினான். ஸ்பீக்கரில் என் மனைவி பேசினாள். படுபாவி, அதைக்கூட வெட்டி எடுக்கவில்லை. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். நேராக ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு பக்கம் புகார் எழுதிக் கொடுத்தேன். ஆத்திரம் அடங்காமல், அதன் நகலைச் சென்னையில் உள்ள பாட்டுக் கம்பெனிக்கும் அனுப்பினேன். இதைவிட ஒரு கிறுக்குத்தனத்தை நான் செய்ததில்லை.

கம்பெனி ஆள் போலீஸோடு வந்தார். பாம்பனுக்கு அல்ல, என் வீட்டுக்கு.

"இந்தப் புகார் நீங்க எழுதினதுதானா?"

"நானேதான் சார். உக்காருங்க, ஆதாரம் காட்டுறேன்."

டிஸ்கை மாட்டிப் பத்துப் பாட்டு போட்டுக் காட்டினேன். பத்திலும் என் மனைவியின் குரல். அவளே டீ கொண்டுவந்து வைத்து, "அது என் குரல்தான் சார். எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம் வாங்கிக் குடுங்க" என்றாள்.

கம்பெனி ஆள் டீயைக் குடித்து முடித்தார். "இதுக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார். ஒன்றுக்கும் இல்லை. ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு டிஸ்கை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் பகலில் எங்கள் தெருவில் கல்யாண வரவேற்பு. மணப்பெண் தன்னைப் பெற்ற அய்யாவோடு சேர்ந்து பாட ஒரு மாதமாகப் பழகிவந்தாள். அவளுக்காகச் சுருதி இறக்கிய அந்த டிராக் இனி ஒரே இடத்தில்தான் இருக்கும். மானத்தை விட்டு அன்றைக்கே பாம்பனுக்குப் பைக்கை விட்டேன்.

அவன் என்னைக் கண்டதும் வெலவெலத்துப் போனான். "ஏலே, பயப்படாத. என்கிட்ட சுட்டதுல ஒரு காப்பி குடு, போதும்" என்றேன்.

"இல்லண்ணே. நீங்க புகார் குடுத்தீகன்னு தெரிஞ்ச அன்னைக்கே அம்புட்டையும் அழிச்சுட்டேன். அடுத்தவன் உழைப்பத் திருடுனேன்னு சர்ச்சுல சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனமும் பண்ணிட்டேன்." என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "நீங்களும் மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே."

அப்படியொரு வெட்கம் நான் பட்டதே இல்லை. "மன்னிச்சிட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டு, மணப்பெண்ணிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் ஊர் திரும்பினேன்.