அடுத்த வீட்டு டீவியில் விழுந்த கோடு

எங்கள் தெருவில் எவன் வீட்டு டீவியில் கோடு விழுந்தாலும் பழி என் தலையில்தான் விழும். உத்திரமேரூரில், வீட்டிலிருந்தே ஒலிபரப்பி ஊர் உலகத்தோடு பேசும் அமெச்சூர் ரேடியோ வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். திருட்டு ரேடியோ இல்லை. மோர்ஸ் என்கிற தந்திக் குறியீட்டுப் பரீட்சையில் ஒரு தடவை தோற்று, மறுபடி உட்கார்ந்து வாங்கிய உரிமம். அதையே பிடுங்கப் பார்த்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் என் மைத்துனன் துபாயிலிருந்து ஒரு ரேடியோவும், டீவியில் மாட்டும் சின்ன கம்ப்யூட்டரும் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டையும் இணைக்கும் பெட்டியை நானே செய்தேன். பிறகு ரேடியோவின் குமிழைத் தொடவே வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் எஃப்ஏ என்று தட்டி, பின்னால் அலைவரிசை எண்ணையும் தட்டினால் ரேடியோ அங்கே போய் நிற்கும். டிஎக்ஸ் என்று தட்டினால் ஒலிபரப்பும். ஆர்எக்ஸ் என்றால் நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கும். அந்தத் தெருவில் நான் சொன்னதைக் கேட்டது அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கு எனக்கு மாமா. நிலபுலன் உள்ளவர். ஞாயிறு காலையில் பாதித் தெரு அவர் கூடத்தில் உட்கார்ந்து டீவி பார்க்கும். கோடு விழுந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்துவார்.

"யோவ் மாப்ள! நிறுத்துய்யா உன் மெஷின!"

நான் கழனியில் இருந்தாலும் கத்துவாராம். கடைசியில் என் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி மெட்ராசுக்கு மனு எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்தார். "மொதல்ல என் ரேடியோவ அணைச்சிட்டு அவர் டீவிய பாருங்க சார். படம் பளிச்சுன்னு தெரியணும்னு ஆன்டெனாவுல பூஸ்டர் மாட்டிக்கினு கீறாரு, கோடு அதாலகூட வரும், அதையும் பாருங்க" என்றேன்.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்க போட்டுக் காட்டுங்க."

அதிகாரி மாமா வீட்டு டீவி முன்னால் போய் நின்றார். நான் என் வீட்டில் டிஎக்ஸ் தட்டினேன். அந்த நேரம் பார்த்து மோட்டாருக்கான மும்முனைக் கரண்ட் வந்தது. எங்கள் பக்கத்தில் பம்புசெட் ஸ்டார்ட்டர் பித்தான் அமுங்கியே இருக்கக் குச்சியைச் செருகிவிட்டுப் போய்விடுவார்கள். கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் ஓடும். வோல்டேஜ் தரைக்குப் போகும். என் கம்ப்யூட்டர் செத்தது. ரேடியோ ஓடியது லாரி பேட்டரியில், அது சாகவில்லை. ஆர்எக்ஸ் என்று சொல்ல ஆளில்லாமல், கடைசியாகச் சொன்னபடி ஒலிபரப்பிக்கொண்டே நின்றது. மாமா வீட்டு டீவிக்கு ஸ்டெபிலைசர் உண்டு, அதுவும் அணையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மாமா கத்தினார்.

"பாத்தியா சார், கோடு! நா சொன்னா பொய்யின்னானே!"

பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர் செத்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் விட்டது என் முட்டாள்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோடு அதற்கு முன்பே இருந்ததா என்று ஒருவனாவது கேட்டானா? "இன்னொரு புகார் வந்தா உரிமம் போயிடும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி மாமா வீட்டில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்துவிட்டார். இதுதான் விசாரணை.

ஒரு வாரம் இராப்பகலாக உட்கார்ந்து இன்னொரு சர்க்யூட் செய்தேன். கம்ப்யூட்டரிலிருந்து சில நொடிகள் ஒரு சொல்லும் வராவிட்டால் ரேடியோ தானாகவே ஒலிபரப்பை நிறுத்திவிடும். கம்ப்யூட்டரையும் பேட்டரிக்கு மாற்றினேன்.

அடுத்த ஞாயிறும் கோடு விழுந்தது. என் ரேடியோ அணைந்து கிடந்தது. எட்டிப் பார்த்தால் மாமா கூடத்தில் இரண்டாவது மனு கையெழுத்துக்குச் சுற்றுகிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. ரேடியோவின் ஒயர்களை எல்லாம் கழற்றி, அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவர் டீவிக்கு எதிரில் வைத்தேன்.

"இந்தா கீது மெஷினு. இப்ப கோடு எங்கேர்ந்து வருது மாமா?"

டீவியில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. மாமா ரேடியோவைச் சுற்றிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் வூட்லதானே கீது? அதானே இதுக்கு ஆர்டர் குடுக்கறது?"

கூடமே தலையாட்டியது. திரும்பிப் போய்க் கம்ப்யூட்டரையும் எடுத்துவந்து ரேடியோவின் தலைமேல் வைத்தேன். கோடு அசையவில்லை. ஒரு அம்மாள், "இன்னாங்கடா, இவன் வூட்டுல இன்னும் அம்மியும் ஒரலும் பாக்கி கீது, அதையும் கொண்டாரச் சொல்றீங்களா?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

நான் யாரையும் கேட்கவில்லை. டீவிக்குப் பின்னால் போய் பூஸ்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். படம் கொஞ்சம் மங்கியது. கோடு போய்விட்டது.

மனுவில் கையெழுத்துப் போடப் பேனாவோடு இருந்தவன் அதை மூடினான். மாமா, "அதுக்குன்னு படத்த இப்டி மங்கலாவா பாக்கறது?" என்று பிளக்கை மறுபடி சொருகினார். கோடு வந்தது. எல்லோரும் கோட்டோடு பார்த்தார்கள்.

மனு மெட்ராசுக்குப் போகவில்லை. உரிமம் என்னிடமே இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு நாயும் சொல்லவில்லை. ரேடியோவைத் திரும்பத் தூக்கிப்போகக்கூட ஒருத்தன் கை கொடுக்கவில்லை. இரண்டு நடை நானேதான் நடந்தேன்.