பனைமட்டை இல்லாத பாலம்

அன்று லாரியில் இருந்தவர்கள்: ஸ்டீயரிங் பிடித்தது காதர் பாய், வண்ணாரப்பேட்டை. பக்கத்தில் நான், ராயபுரம். பின்னால் உப்பு மூட்டை மேல் முனுசாமி, வியாசர்பாடி. அவ்வளவுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்கா மகன். நேற்று டிரைவர் லைசென்ஸ் வாங்கி வந்தான். சட்டை முழுக்கப் பெட்ரோல் வாசனை. பள்ளிக்கூடம் முடித்தவன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், "படிக்காதவனுக்கு லைசென்சே குடுக்கக் கூடாது மாமா. ஆளக் கொன்னுடுவானுங்க."

குழம்பில் உப்பு கரித்தது.

உப்பு என்றால் எனக்கு எண்ணூர். அங்கே உப்பளத்திலிருந்து ராயபுரத்துக்கு ஏற்றி வருவோம். அப்போது லாரி புதுசு. ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாட்டு வண்டியை விட்டு இறங்கி வந்தவர்கள். காதர் பாய்க்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். நான் மூணாங்கிளாஸ் தமிழ். தெருவுக்கே கடிதாசி படிக்கிறவன். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

படிக்காமல் எப்படி ஓட்டினார்கள் என்று கேட்பீர்கள். எதிரில் வரும் வண்டி நிற்கும். "திருவொத்தியூராண்ட தண்ணி நிக்குது நைனா, சுத்திக்கினு போ" என்று சொல்லிவிட்டுப் போகும். அதுதான் எங்களுக்குப் பேப்பர். பாலம் பழுது, ரோடு அறுந்தது என்றால், அங்கே வேலை செய்யும் கூலியாள் ஒரு பச்சைப் பனைமட்டையை வெட்டி நடு ரோட்டில் நட்டுவிடுவான். மட்டையைத் தாண்டி எவனும் போகமாட்டான். மாடே போகாது.

அன்று காலையில் காலி வண்டியோடு கால்வாய் மரப்பாலத்தைத் தாண்டித்தான் போனோம். லோடு ஏற்றித் திரும்பினால் பாலத்துக்கு முன் ஒரு பலகை. புதுப் பெயிண்ட். பாய் வண்டியை நிறுத்தினார்.

"இன்னாய்யா போட்டுக்கீது?"

"இங்கிலீசு பாய்."

"ஊருக்கே படிக்கிறியே, இது தெரியாதா?"

"நம்ம எழுத்துதான் தெரியும்."

மேலேயிருந்து முனுசாமி சிரித்தான். "தொரைங்களுக்குப் போட்டது பாய். நமக்குன்னா மட்டை வச்சிருப்பான். வுடு வண்டிய."

பாய் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மட்டை இல்லை. ஏறி ஓட்டினார்.

பாதிப் பாலத்தில் கட்டைகள் முறிந்தன. பின்பக்கம் முதலில் தண்ணீரில் போனது. முன்பக்கம் இருந்த நாங்கள் இரண்டு பேரும் தப்பினோம். உப்பெல்லாம் கரைந்து வெறும் சாக்கு மிதந்தது. அதற்கு அடியில் முனுசாமி.

காலையில் நாங்கள் போன பிறகு, கட்டை விட்டுப்போனதைப் பார்த்து மட்டை வைத்திருந்தார்களாம். கூலியாள் பிறகு சொன்னான். "வச்சேன் நைனா. ஓவர்சியர் வந்து, இன்னாடா இது கலீஜா, எடுத்துப் போடுன்னாரு. போர்டு நட்டுட்டுப் போய்ட்டாரு."

விசாரணையில் அதிகாரி பாயிடம் கேட்டார். "போர்டு பாத்தியா?"

"பாத்தேன் சார். படிக்கத் தெரியாது. மட்டை இல்ல, அதான் வந்தேன்."

"மட்டை பாத்து லாரி ஓட்டறியா?"

அறையில் சிரித்தார்கள். முனுசாமி பெண்சாதி வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

பலகையில் இருந்தது 'பிரிட்ஜ் குளோஸ்டு' என்று படித்துச் சொன்னார்கள். பாயின் லைசென்சைப் பிடுங்கிக்கொண்டார்கள். காரணம், எழுத்தறிவு இல்லை. எழுத்து தெரிந்த நானும் பக்கத்தில்தான் இருந்தேன். என்னை எவரும் கேட்கவில்லை.

பாய் துறைமுகத்தில் கைவண்டி இழுத்தார். இழுத்தே போய்ச் சேர்ந்தார். கைவண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம்.

ஓட்டுகிறவனுக்கு எழுத்து வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். எந்த எழுத்து என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்போது அங்கே இரும்புப் பாலம். எதிர் வண்டி நிற்பதில்லை, ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. மட்டை நடுகிறவனும் இல்லை. ரோடெங்கும் பலகை. அன்று பலகையில் இருந்த அந்த இரண்டு வார்த்தையை இங்கிலீசில் எழுதிக் காட்டச் சொன்னேன் அக்கா மகனிடம். சிலேட்டில் எழுதினான். படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும். எழுத்துகளை எண்ணினேன்.

பன்னிரண்டு.