எதிர்த்தரப்பு நியாயம்

பூதலூரில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த அந்த அம்மாவின் நகக்கண்களில் நடவுச் சேறு காய்ந்திருந்தது. முந்தானை நூலை நாற்று பிரிப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தார். நான் மாணவர்களின் தத்துவக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

“ஏன் சார் இந்தத் தாள்ல இத்தனை சிவப்பு?” என்று கேட்டார்.

“தன் கருத்தை மட்டும் எழுதியிருக்கும்மா இந்தப் பொண்ணு. எதிர்த்தரப்பு நியாயத்தையும் முழுசா சொல்லிட்டுத்தான் மறுக்கணும்.”

அவர் விரல்கள் நின்றன.

“எம் மக ஒரு பையனப் பத்திச் சொல்ல வந்தா சார். வாயத் தொறக்காதடின்னேன். மறுநாள் அவ உசுரோட இல்ல. அவ என்ன சொல்லியிருப்பான்னு நாமளே எழுதிக்கலாமா?”

எழுதலாம் என்றுதான் வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன். சிவப்புப் பேனாவை மூடி, அந்தப் பெண்ணின் தாளை மதிப்பெண் போடாமலேயே பைக்குள் வைத்தேன்.