சஹனில் உட்காராத பளீல்

பருப்பு சோற்றில் படக்கூடாது. பட்டுவிட்டால் பளீல் அந்தப் பக்கத்துச் சோற்றை வரப்புக் கட்டி ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் சாப்பிடுகிறார். மீனுக்கு ஒரு கோப்பை, சுண்டலுக்கு ஒரு கோப்பை, பருப்புக்கு இன்னொன்று. ஒன்றை முடித்துத்தான் மற்றதைத் தொடுவார். இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட என் தங்கை கோப்பை கழுவியே கை தேய்ந்துபோனாள். "ஒராள் திண்டாலும் எங்கட ஊட்டுல கலியாணத்துட ஏனம்" என்று அவள் சொல்வதில் மிகை கொஞ்சம்தான்.

கல்முனைச் சந்தைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. ஆட்களின் முகம் அவருக்கு நினைவில் நிற்பதில்லை, சைக்கிள் நிற்கும். பாண்டிருப்பிலிருந்து வருடக்கணக்கில் வந்துபோன ஒரு மாஸ்டர், புது மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய அன்று "நீங்க ஆரு?" என்ற கேள்வியை வாங்கிக்கொண்டு போனார். சலாம் சொன்னால் பதில் சலாம் உண்டு. அதற்குமேல் சுகம் விசாரிப்பு, பிள்ளைகள் எப்படி, வெயில் எப்படி, ஒன்றும் கிடையாது. "பின் டயர் தேஞ்சிட்டு" என்பதுதான் அவருடைய வரவேற்பு. அதையும் டயரைப் பார்த்துத்தான் சொல்வார்.

மௌத்தான வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போவது பெரிய சோதனை. ஒருமுறை வாப்பாவை இழந்து தேம்பிக்கொண்டிருந்த ஒரு மகனிடம் போய், "வாப்பாட சைக்கிளுக்குப் புதுச் செயின் போட்டு ஒரு கிழமதான்" என்றார். அந்த மகன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் முகட்டைப் பார்த்தேன். வேறு என்னதான் செய்வது?

யுத்த காலத்தில் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் அவரை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். முகத்தைப் பார்த்துப் பதில் சொல் என்றால், அவர் துவக்கின் பட்டியைப் பார்த்துப் பதில் சொல்வார். கடல் வந்து அவருடைய உம்மாவைக் கொண்டுபோன பிறகு, ஆறுதல் சொல்லவென்று ஊருக்குள் மேசை போட்டவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. சட்டையில் தொண்டு நிறுவனச் சின்னம் குத்திய எல்லோரும் எங்கள் மனத்தைத் திறக்கச் சொன்னார்கள். பளீலின் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பெண் பிள்ளை இரக்கத்தோடு கேட்டாள். "உங்கட மேசக் கால் ஒண்டு கட்ட" என்றார். அவர் அழவில்லை. அழாததையும் ஊர் அவருடைய தலைக்கனக் கணக்கில்தான் சேர்த்தது. 'பெருமக்காரன்' என்பது எங்கள் தெருவில் அவருக்கு இட்ட பெயர்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது சஹன். எங்கள் பக்கத்து விருந்துகளில் ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து கையால் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். ஒரு சஹனில் இருந்தவன் உறவுக்காரன். மதிப்புக்குரிய ஆளுக்குக் கோழியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளிவைப்பது பெரிய மரியாதை. பளீலின் மகள் றிஸ்லாவுக்குக் கலியாணம் நிச்சயம் பண்ணிய அன்று, மாப்பிள்ளையின் வாப்பா மர்சூக் ஹாஜியார் அந்த மரியாதையைத்தான் செய்தார். பளீல் தன் பக்கம் வந்த கோழியைப் பார்த்தார், எழுந்தார், கை கழுவினார். ஏன் என்று கேட்டதற்கு, "அடுத்தாள்ர விரல் என்ட சோத்துக்க வந்தா எனக்குத் திண்ண ஏலா" என்றார். வயிற்றுவலி என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? பொய் சொல்ல வராது இந்த மனிதருக்கு.

ஹாஜியார் சிவந்துபோனார். "என்ட கை என்ன நஜீஸா, அசுத்தமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் ஆள் வந்தது. கலியாணத்தன்று பெண்ணின் வாப்பா ஹாஜியாரோடு ஒரே சஹனில் இருந்தால் சம்பந்தம், இல்லாவிட்டால் மாப்பிள்ளை வாசலோடு திரும்பும் என்றது ஆள். என் தங்கை படுத்த படுக்கையானாள்.

றிஸ்லா பாலர் பாடசாலை ரீச்சர். பயிற்சி வகுப்பொன்றில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து, "வாப்பா, அவங்க உங்களப் பத்தித்தான் கதைச்ச" என்றாள். மட்டக்களப்பில் தக்சாயினி என்றொரு டொக்டர் வளர்ந்தவர்களையும் பார்க்கிறாராம். எல்லோரும் சிரித்தோம். பளீல் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிய வேணும். நான் பெருமக்காரனா, வேற என்னவுமா எண்டு" என்றார். யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. வழியில் சாவடி போட்டு இறக்கி ஏற்ற ஆளில்லை. என் வேனில் புறப்பட்டோம். சின்ன வயதை அறிந்த ஒருவர் வரவேண்டும் என்று டொக்டர் சொன்னதால், பளீலின் மூத்த சகோதரி சபூறா ராத்தாவும் ஏறிக்கொண்டார். இரத்தம் எடுப்பார்கள் என்று அவராகவே முடிவுகட்டி, தம்பியைப் பட்டினி போட்டுக் கூட்டிவந்தார்.

இரத்தமும் எடுக்கவில்லை, தலையில் வயரும் மாட்டவில்லை. கதைதான், மத்தியானம் வரைக்கும் கதை. ராத்தாவையும் என்னையும் மூலையில் இருக்கச் சொல்லிவிட்டு, என்ன சத்தம் பிடிக்காது, என்ன துணி உறுத்தும், சந்தைக்குள் போனால் எப்படியிருக்கும் என்று டொக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆள் களைத்தால் இடையில் நிறுத்தினார். எழுத்தில்லாத படப் புத்தகத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். படத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பளீல் அவளுக்குப் பின்னால் நின்ற சைக்கிளுக்கு ஸ்டாண்ட் இல்லை என்றார்.

"ஒராள் உங்களோட கோவமா இருந்தா எப்படித் தெரிஞ்சுகொள்ளுவீங்க?"

"பொஞ்சாதி சொல்லுவா."

"கூட்டாளி ஆக்கள் இருக்காங்களா?"

"ஓம். இந்தா இரிக்கிற மச்சான்."

"ரெண்டு பேரும் என்ன கதைப்பீங்க?"

"அவர் கதைப்பார்."

பிறகு ராத்தாவின் முறை. பள்ளிக்கூட ரிப்போட், சின்ன வயதுப் படம் ஏதும் உண்டா என்றதற்கு, "எல்லாம் கடலோட பெய்த்து" என்றார். அதுவரைக்கும் உண்மை. அதற்குப் பிறகு அவிழ்த்துவிட்டார் பாருங்கள்! எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து தம்பியைப் பற்றி விசாரித்தால் அது ஒரே காரணத்துக்குத்தான். ராத்தாவின் வாய்க்கு வேறு பழக்கமில்லை.

"என்ட தம்பி தங்கம், டொக்டர். ஊருப் புள்ளையெல்லாம் இவனோடதான் விளையாடும்."

"இல்ல" என்றார் பளீல். "அவங்க விளையாடுவாங்க. நான் கிணத்துக் கப்பியச் சுத்திக்கிட்டு இருப்பன்."

"என்னத்தக் குடுத்தாலும் திண்பான்."

"சோறும் முட்டையும்தான்."

"பயமெண்டா என்னெண்டு தெரியாது."

"வெடி கொளுத்தினா கட்டிலுக்குக் கீழ."

"பீடி சிகரட் இல்ல, கடன் இல்ல, அஞ்சு நேரத் தொழுகை…"

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். "அக்கா, நான் கலியாணம் பேச வரல்ல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு தூரம் டீசல் அடித்து வந்தது இந்தப் புளுகைக் கேட்கவா என்று பற்றிக்கொண்டு வந்தது.

பளீல் ராத்தாவின் பக்கம் திரும்பி, அவருடைய கைப்பையைப் பார்த்துச் சொன்னார். "நீங்க இப்படிச் சொன்னா, எனக்கு ஒண்டுமில்ல எண்டுதான் டொக்டர் சொல்லுவாங்க. அப்ப ஹாஜியார் சொன்னதுதான் சரி. நான் பெரும புடிச்சவன்தான்."

ராத்தாவின் முகம் விழுந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு டொக்டரின் பக்கம் திரும்பினார்.

"பெரியப்பாட ஊட்டுக் கந்தூரி விருந்துல இவன்ட கையப் புடிச்சிச் சஹனுக்க அமத்தினாங்க, டொக்டர். வயித்துல இருந்ததெல்லாம் சத்தியெடுத்திட்டான். அதுக்கும் அடிச்சாங்க. அதுக்குப் பொறகு விருந்தெண்டா உம்மா இவனக் குசினிக் கதவுக்குப் பின்னால வெச்சிச் சோறு குடுப்பா. ஆரும் கேட்டாக் காய்ச்சல் எண்டு சொல்லுவா. வெளிய தெரிஞ்சா புள்ளைக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க, நீ வாய் திறக்கப்படாது எண்டு என்னட்டச் சத்தியம் வாங்கின. உம்மாவும் பெய்த்தா. நான் இன்னும் வாய மூடிக்கிட்டுத்தான் இரிக்கன்."

அவர் விம்மி விம்மி அழுதார். பளீல் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குக் காய்ச்சல் இரிக்கல்லயா?" என்றார்.

அடுத்த முறை போனபோது டொக்டர் முடிவைச் சொன்னார். ஓட்டிசம்தான். நோயில்லை, மருந்தில்லை, பிறப்பிலேயே மூளை அமைந்த விதம். மாற்ற வேண்டியது ஆளையல்ல, சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் முறையைத்தான் என்று விளக்கினார். தண்ணீர் ஓதிக் கொடுத்தால் போகுமா என்று ராத்தா கேட்டார். "குடுங்க, தாகம் போகும்" என்றார் டொக்டர். பளீலுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"இது பெரும இல்லயா?"

"இல்ல."

"அப்பச் சரி" என்று எழுந்து வேனுக்கு நடந்துவிட்டார்.

அவருக்குச் சரி. ஹாஜியாருக்கு யார் சொல்வது? நான் இரண்டு தடவை போய் வாசலோடு திரும்பினேன். உள்ளே கூப்பிடவில்லை.

கலியாணத்தன்று பந்தலில் வெள்ளை விரித்து, சஹன்கள் மூடியோடு வந்து இறங்கின. மர்சூக் ஹாஜியார் நடுச் சஹனில் அமர்ந்து, பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, மூடியில் கையை வைத்துக்கொண்டிருந்தார். திறக்கவில்லை. மாப்பிள்ளை தலை குனிந்திருந்தான். பளீல் அந்த இடத்துக்கு முன்னால் நின்றார், விரல்கள் சாரனின் ஓரத்தைக் கசக்கிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு உள்ளே என் தங்கையின் கண் தெரிந்தது.

ஆண்கள் பந்தலுக்குள் பெண்கள் வருவதில்லை. சபூறா ராத்தா வந்தார். கையில் ஒரு பீங்கான் தட்டு, அதில் வெறும் சோறு, ஓரத்தில் ஒரு அவித்த முட்டை. அதைப் பளீலின் கையில் கொடுத்துவிட்டு ஹாஜியாரைப் பார்த்துச் சொன்னார்.

"சம்மந்தி, உங்கட கையில ஒரு குறையும் இல்ல. இவன் சின்னன்ல இருந்தே இப்படித்தான். பெத்த உம்மா ஊட்டினாலும் திண்ணமாட்டான். டொக்டர் பேர் சொல்லித் தந்திரிக்காங்க. வெளிய தெரியாம மறச்சது நாங்க. ஏசுறெண்டா என்ன ஏசுங்க."

ஹாஜியார் ராத்தாவைப் பார்த்தார். பீங்கானைப் பார்த்தார். "இத அண்டைக்கே சொல்லிரிக்கலாமே" என்று முனகிவிட்டு, முழங்காலை இழுத்துக் கொஞ்சம் நகர்ந்தார். ஒரு ஆளும் ஒரு பீங்கானும் கொள்ளும் அளவுக்கு இடம் வந்தது. பளீல் அமர்ந்து, பீங்கானைச் சஹனுக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டார்.

மூடி திறந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி எல்லோரும் கை வைத்தார்கள். பழக்கதோசம், ஹாஜியார் கோழிக்கால் ஒன்றைப் பிய்த்துச் சம்மந்தியின் பக்கம் நீட்டிவிட்டார். நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு அது திரும்பிப்போய், கோழியை அவருடைய சோற்றிலேயே வைத்தது.

பளீல் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பீங்கானை ஒரு விரலால் மெல்லத் தள்ளி, சஹனின் விளிம்போடு ஒட்டி வைத்துவிட்டு முட்டையை உடைத்தார்.