கையெழுத்தில்லாமல் செல்லாத பட்டியல்

பொம்மிடியில் ஒரு தனியார் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாக வேதியியல் நடத்தி வந்தவர் ஆக்சிலியா. அந்த வருஷம் பள்ளி நிர்வாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விழிப்புணர்வு நடைப்பயணம் வைத்தது. வந்தவர்களுக்கு எல்லாப் பாடத்தின் அகமதிப்பீட்டிலும் ஐந்து மதிப்பெண் கூட்டிப் போடச் சொன்னது. அன்றைக்குப் பஸ் கிடைக்காத சித்தேரி மலைப் பிள்ளைகள் வரவில்லை. ஆக்சிலியா மட்டும் தன் பாடத்தின் மதிப்பெண் பட்டியலைத் திருத்த மறுத்தார்.

தலைமையாசிரியர் மாதவராஜ் கூப்பிட்டனுப்பினார். "அஞ்சு மார்க்குதானுங்க டீச்சர். போட்டா என்ன கொறைஞ்சிடப் போவுது?"

"நடந்ததுக்கு மார்க்குன்னா, சித்தேரிப் புள்ளைங்க பஸ் புடிக்கத் தெனமும் மூணு கிலோமீட்டர் நடக்கறாங்க சார். அதுக்கு எவ்வளவு போடட்டுங்க?"

"சரி, எல்லாருக்குமே அஞ்சு போட்டுடுங்க."

"அதுவும் பொய்தானுங்களே. லேப்ல செஞ்சதுக்குத்தான் என் பாடத்துல மார்க்கு."

"உங்க பையன் இனிகோவும் நடந்தானே?"

"நடந்தான். அவனுக்கும் கெடையாதுங்க."

அவரிடமே பன்னிரண்டாம் வகுப்பு படித்த இனிகோ, வீட்டில் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆக்சிலியாவுக்கு வலித்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் பட்டியல் செல்லாது. விதியை மீறி அதை மாற்றி எழுதித் தன் கையெழுத்தைப் போட மாதவராஜுக்கும் துணிச்சல் வரவில்லை. கடைசியில் ஆக்சிலியா எழுதியபடியே அது போனது.

அடுத்த வாரமே பன்னிரண்டாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு அவருக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள்.

"சந்தோஷமுங்க சார். அங்கயும் இப்படித்தான் போடுவேன்" என்று சொல்லிவிட்டு, ஆக்சிலியா சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடியிறங்கினார்.