கையை அடக்கத் தெரிந்தவர்

காஞ்சிபுரத்தில் என் மகளுக்குக் கைப்பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் அம்மா குட்டையானவர். நெற்றியில் எப்போதும் வியர்வை இருக்கும். என் மகள் பட்டனோடு போராடும்போது, தன் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கியபடி சும்மா உட்கார்ந்திருப்பார். சோம்பேறி என்று நினைத்து, ஒருநாள் கடுப்பாகவே கேட்டுவிட்டேன்.

“கை வெளிய இருந்தா நானே போட்டு வுட்டுடுவேன் சார். பாப்பா போடட்டும்.”

ஒரு மாலை ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் அவர் எங்களுக்கு எதிரே இருந்தார். பக்கத்தில் பட்டுநூல் பையோடு இருந்த பெண் என் மகளிடம் பேர் கேட்டுப் பார்த்தார்.

“பேச்சு வரலியா? இன்னா வயசு ஆவுது?”

“ரெண்டுதாம்மா,” என்றேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அவளுக்கு நாலு முடிந்திருந்தது.

மகள் இடது கையால் தன் வலது கட்டைவிரலைப் பிடித்து மெல்ல உள்ளே மடக்கினாள். மற்ற நான்கு விரல்களும் நடுங்கியபடி நிமிர்ந்தன. வயது கேட்டால் இப்படிக் காட்ட வேண்டும் என்று தெரபிஸ்ட் அம்மா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொடுத்தது. அன்றுதான் முதல்முறையாக வந்தது.

நான் சட்டென்று அந்த விரல்களைப் பொத்திவிட்டேன்.

தெரபிஸ்ட் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் இரண்டும் தொடைக்கடியில் இருந்தன.